ஏழாகப் பிரியும் வட்டம்

ஆவாரம்பாளையத்தில் ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி நுழைந்தால் எதிரே சைக்கிள்கூட வர முடியாத சந்து ஒன்று உண்டு. அதன் நடுவில் திருமூர்த்தியின் பட்டறை. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், இரும்பில் பள்ளம் வெட்டும் மில்லிங் மெஷின் ஒன்று, ஒரு கண்ணாடித் தடுப்பு, அதற்குள் ஒரு மேஜை. மில்லிங் மெஷினுக்கு முன்னால் தலைத்துண்டு கட்டி, முழுக்கைச் சட்டையைச் சுடிதாருக்கு மேல் மாட்டிக்கொண்டு நிற்பவள் அன்புக்கரசி.

அவள் அந்த மெஷினுக்கு வந்தது யாரும் திட்டம் போட்டு நடந்ததல்ல. அன்னூர்ப் பக்கத்து ஊரில் நஞ்சப்பனும் பொன்னாத்தாளும் காலம் முழுக்க அடுத்தவர் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். மகள் பத்தாவது வரை வந்தாள். கணக்கில் தோற்றாள். நூல் மில்லுக்குப் போனாள். கதிரேசனைக் கல்யாணம் செய்து கோயமுத்தூருக்கு வந்தாள். கதிரேசனுக்குக் குட்டியானை ஓட்டுகிற வேலை. பட்டறைகளுக்குச் சரக்கு இறக்கப் போகும் இடத்தில் அவர்தான் திருமூர்த்தியிடம் கேட்டு, பிசிறு எடுக்கும் வேலைக்கு அவளைச் சேர்த்துவிட்டார். வெட்டி முடித்த இரும்பின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்களை அரத்தால் ராவி எடுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து மில்லிங் மெஷின் நன்றாகத் தெரியும்.

கொரோனா வந்தது. மில்லிங் ஓட்டிக்கொண்டிருந்தவர் பீகாருக்குப் போனார். பட்டறை திறந்த பிறகும் அவர் வரவில்லை. வெளியே ஆள் தேடி அலைந்து சலித்துப்போய்த் திருமூர்த்தி மெஷினையே விற்றுவிடலாமா என்று யோசித்த சமயத்தில்தான் அவள் வந்து நின்றாள்.

"ஏனுங்ண்ணா, நான் ஓட்டிப் பாக்கட்டுங்களா?"

திருமூர்த்தி கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. விவசாயம் ஒத்துவராமல் பட்டறை போட்டவர். அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மெஷினைப் பார்த்தார். "கையை மட்டும் உள்ளே உட்ராத அம்மணி" என்றார். அதுதான் உத்தரவு.

மூன்று வருடத்தில் அவள் நன்றாகவே ஓட்டினாள். வட்டமான இரும்பில் நான்கு வெட்டு, ஆறு வெட்டு, எட்டு வெட்டு என்று வரும் வேலைகளை அவள் யோசிக்காமலே செய்வாள். சுழலும் மேடை ஒன்று உண்டு, ரோட்டரி டேபிள் என்பார்கள். அதன் மேல் வட்டை இறுக்கி, ஸ்லாட் என்கிற நீளப் பள்ளம் ஒன்றை வெட்டி, மேடையைத் திருப்பி, அடுத்ததை வெட்ட வேண்டும். நான்கு என்றால் தொண்ணூறு டிகிரி. ஆறு என்றால் அறுபது. எட்டு என்றால் நாற்பத்தைந்து. எல்லாம் அழகாக முந்நூற்று அறுபதுக்குள் அடங்கும்.

போன வருடம் ஆடி மாதம் ஏழு வந்தது.

பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் வேலை. சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிய இரும்பு வட்டு, சுற்றிலும் சம தூரத்தில் ஏழு ஸ்லாட். அதில் போய் உட்கார வேண்டிய, ஏழு பல் உள்ள ஒரு வளையத்தையும் கூடவே அனுப்பியிருந்தார்கள். அன்புக்கரசி செல்போனில் முந்நூற்று அறுபதை ஏழால் வகுத்தாள். 51.4285714 என்று வந்தது. அவளுடைய மேடையில் ஒரு டிகிரியைப் பத்தாகப் பிரித்துத்தான் கோடு போட்டிருக்கும். வாலை வெட்டிவிட்டு 51.4 என்று எடுத்துக்கொண்டாள். வெட்டினாள், திருப்பினாள், வெட்டினாள்.

ஏழு பல் வளையத்தை மேலே வைத்தபோது முதல் பற்கள் சுகமாக இறங்கின. போகப்போக இறுகியது. கடைசிப் பல் ஸ்லாட்டுக்குள் போகாமல் விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவள் வெர்னியர் அளவுகோலை எடுத்து ஒவ்வோர் இடைவெளியாக அளந்தாள். ஆறு இடைவெளிகளும் ஒன்றுபோல இருந்தன. ஏழாவது மட்டும் அரை மில்லிமீட்டர் அகலமாக இருந்தது.

திருமூர்த்தி வந்து பார்த்தார். திட்டவில்லை. வட்டைத் தூக்கி ஸ்கிராப் மூலையில் சாய்த்துவைத்துவிட்டு, மார்க்கரை எடுத்தார்.

"ஒவ்வொரு தடவையும் துளித்துளியா உட்டுப்போட்டே. அதெல்லாம் சேந்து கடைசில வந்து நிக்குது. இனி ஒவ்வொரு ஸ்லாட்டையும் சைபர்லருந்து கணக்குப் போடு. மொதல் ஸ்லாட்டு சைபர். ரெண்டாவது 51.4. மூணாவது 102.9. அப்படியே போ. தப்பு அங்கங்க நின்னுக்கும், சேராது."

சொன்னபடியே செய்தாள். புது வட்டில் ஏழு பல்லும் இறங்கின. வேலை முடிந்தது. அவர் கண்ணாடித் தடுப்புக்குள் போகத் திரும்பினார்.

"ஏனுங்ண்ணா, அப்ப மொதல் ஸ்லாட்டைத் தவிர எதுவுமே சரியான எடத்துல இல்லீங்களே?"

"கண்ணுக்குத் தெரியாத தப்பு அம்மணி. வளையம் உக்காந்துருச்சல்ல?"

"உக்காந்துருச்சுங்க. ஆனா சரியான எடம்னு ஒண்ணு இருக்கத்தானே வேணும்? வட்டம் இங்கதான இருக்குது?"

திருமூர்த்தி சிரித்துவிட்டு, போன் அடிக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

அவளுக்கு அது விடவில்லை. ஒரு வட்டத்தைச் சுற்றி ஏழு பேர் சம தூரத்தில் உட்கார முடியாதா என்ன? முடியும். அப்படியானால் அந்த இரண்டாவது ஆள் உட்காரும் இடம் எங்கேயோ இருக்கிறது. அந்த இடத்தின் எண் மட்டும் ஏன் முடியாமல் ஓடுகிறது? இடம் நிற்கிறது, எண் ஓடுகிறது. இது என்ன கூத்து?

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மெஷின் பக்கத்தில் கிடந்த இரும்புத் தகட்டில் சாக்பீஸால் வகுத்தல் கணக்குப் போட்டாள். செல்போன் ஏழு இலக்கத்தோடு நிறுத்திவிட்டது. கையால் போட்டால் எங்கே போய் முடிகிறது பார்ப்போம் என்று ஒரு வைராக்கியம். பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை பத்தை மூன்றால் வகுக்கச் சொன்னபோது இப்படித்தான் கரும்பலகையின் ஓரம் வரை மூன்று மூன்றாக எழுதிக்கொண்டே போனாள். டீச்சர் "போதும், ரெண்டு இலக்கத்தோட நிறுத்து" என்றார். நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்று அன்றைக்குக் கேட்க வாய் வரவில்லை.

முந்நூற்று அறுபதில் ஏழு ஐம்பத்தொரு தடவை. மீதி மூன்று. மூன்றுக்குப் பக்கத்தில் ஒரு சைபர் போட்டு முப்பது. அதில் ஏழு நான்கு தடவை, மீதி இரண்டு. இருபதில் இரண்டு தடவை, மீதி ஆறு. அறுபதில் எட்டு, மீதி நான்கு. நாற்பதில் ஐந்து, மீதி ஐந்து. ஐம்பதில் ஏழு, மீதி ஒன்று. பத்தில் ஒன்று, மீதி மூன்று.

மீதி மூன்று.

சாக்பீஸ் நின்றது. இந்த மூன்றை ஏற்கெனவே பார்த்தோமே? மேலே போய்ப் பார்த்தாள். ஆமாம், கணக்கு ஆரம்பித்ததே மூன்றில்தான். மூன்று மறுபடி வந்துவிட்டால் அதற்கடுத்து முப்பதுதான். முப்பது வந்தால் நான்குதான். இனிமேல் எழுதுவதெல்லாம் ஏற்கெனவே எழுதியதுதான். 428571, மறுபடி 428571, மறுபடி அதே. எத்தனை தகடு வாங்கிப்போட்டாலும் புதிதாக ஒரு எண்ணும் வரப்போவதில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் போகும்போதும் அதே யோசனை. மூன்று ஏன் திரும்பி வந்தது? வராமல் வேறெங்காவது போயிருக்கலாமே? ஜன்னலோரம் உட்கார்ந்து மீதிகளை மனதுக்குள் வரிசைப்படுத்தினாள். மூன்று, இரண்டு, ஆறு, நான்கு, ஐந்து, ஒன்று. எல்லாம் ஏழுக்குக் கீழே. ஏழுக்குக் கீழேதான் இருக்க முடியும், ஏழோ அதற்கு மேலோ மிஞ்சினால் இன்னொரு தடவை வகுத்திருப்போமே! சைபர் மிஞ்சினால் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். முடியவில்லை என்றால் மிஞ்சக்கூடியவை ஆறே ஆறு. ஆறும் ஒரு தடவை வந்து போய்விட்டன. ஏழாவதாக வருவதற்கு ஆள் இல்லை. பழைய ஆள்தான் வந்தாக வேண்டும்.

இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கதிரேசன் வண்டி கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்புகிற ஆள் இல்லை.

"ஏழுக்குச் சரி. பதிமூணுக்கு?"

"போட்டுப் பாத்தரலாமுங்க. பன்னண்டு மீதிக்குள்ள திரும்பித்தான் ஆவணும்."

இருவரும் சேர்ந்து போட்டார்கள். முந்நூற்று அறுபதில் பதின்மூன்று இருபத்தேழு தடவை, மீதி ஒன்பது. அதற்குப் பிறகு மீதியாகப் பன்னிரண்டு வந்தது, மூன்று, நான்கு, ஒன்று, பத்து வந்தன. அடுத்து மறுபடி ஒன்பது.

"பன்னண்டு வரைக்கும்கூடப் போவல பாரு. ஆறுலயே திரும்பிருச்சு" என்றார் கதிரேசன். அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. "பதினொண்ணு போடு." பதினொன்றில் எட்டும் மூன்றும் மட்டும் மாறி மாறி மிஞ்சின. "பதினாறு?" பதினாறு இருபத்திரண்டரையில் சட்டென்று முடிந்தது. "இதென்ன, இது முடியுது?" முடிவது, திரும்புவது. இரண்டில் ஒன்றுதான் நடந்தது. முடியாமலும் திரும்பாமலும் போகிற எண் ஒன்றாவது கிடைக்கிறதா என்று பகல் சாப்பாடு வரை தேடினார்கள். வகுத்தலில் அப்படி ஒன்று கிடைக்கவே கிடைக்காது என்பது அவளுக்குத் தெரியும், காரணமும் தெரியும். ஆனாலும் தேடுவது நன்றாக இருந்தது.

ஆனால் முதல் கேள்வி அப்படியேதான் கிடந்தது. எண் ஏன் ஓடுகிறது என்று தெரிந்துவிட்டது. அந்த இடத்தைக் கையால் பிடிக்க முடியுமா என்பது தெரியவில்லை.

இரண்டு சந்து தள்ளி அப்துல் குத்தூஸ் கியர் வெட்டும் பட்டறை வைத்திருந்தார். அவளைவிட நான்கைந்து வயது மூத்தவர். அடுத்த வாரம் பல் வெட்டுவதற்காகச் சில இரும்பு வட்டுகளை அவரிடம் கொடுத்துவிட்டு வரச் சொல்லித் திருமூர்த்தி அனுப்பினார். அங்கே மில்லிங் மெஷின் மேடையில் அவள் பார்க்காத ஒரு சாமான் இருந்தது. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. கைப்பிடிக்குப் பின்னால் வட்டமான ஒரு தகடு, அதில் வளையம் வளையமாக ஓட்டைகள். கைப்பிடியின் நுனியில் ஒரு முள். குத்தூஸ் கைப்பிடியைச் சுற்றி, ஓட்டைகளை எண்ணி, முள்ளை ஒன்றில் இறக்கிவிட்டு, ஒரு பல் வெட்டினார்.

"பாய், இதுல டிகிரி எங்கிங்க இருக்குது?"

"டிகிரி எதுக்குத் தங்கச்சி? இது டிவைடிங் ஹெட். டிகிரியெல்லாம் இதுக்குத் தெரியாது. ஓட்டைதான் தெரியும்."

"ஏழு பாகம் பிரிக்கோணும்னா?"

"பிரிச்சுப்போடலாம்." அவர் கைப்பிடியைத் தொட்டுக் காட்டினார். "இதை நாப்பது சுத்து சுத்துனா, அங்க மாட்டியிருக்கற இரும்பு ஒரு சுத்து வரும். ஏழு பாகம்னா நாப்பதை ஏழால பிரிக்கோணும். அஞ்சு முழுச் சுத்து போயிரும். மிச்சம் அஞ்சு சுத்து நிக்கும். அதை ஏழு பேருக்குப் பங்கு வெச்சா ஆளுக்கு ஏழுல அஞ்சு பங்கு சுத்து. சரியா?"

"சரிங்க. அந்த ஏழுல அஞ்சு பங்கை எப்படிங்க அளக்கறது?"

"அதுக்குத்தான் இந்த வளையம். இருவத்தியோரு ஓட்டை. மூணு மூணு ஓட்டையாப் பாத்தா ஏழு பங்கு. அஞ்சு பங்குக்குப் பதினஞ்சு ஓட்டை. அஞ்சு சுத்து, அப்புறம் பதினஞ்சு ஓட்டை. முள்ளை உடு. முடிஞ்சுது."

அவள் கேட்டாள், தானே செய்து பார்க்கலாமா என்று. குத்தூஸ் ஒரு வீணாய்ப்போன வட்டை மாட்டிக் கொடுத்தார். அன்புக்கரசி கூர்ங்கம்பியால் ஒரு கோடு கீறினாள். ஐந்து சுற்று, பதினைந்து ஓட்டை, முள் டக்கென்று இறங்கியது. அடுத்த கோடு. மறுபடி ஐந்து சுற்று, பதினைந்து ஓட்டை. ஏழாவது தடவை திருப்பி முள்ளை இறக்கிவிட்டுக் கீறினாள். கம்பி முதல் கோட்டுக்குள்ளேயே போய் விழுந்தது. பக்கத்தில் ஒரு மயிரிழை கூட இல்லை. கோட்டின் மேல் கோடு.

அவள் கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். எண்ணாக எழுதப்போனால் ஓடிக்கொண்டே இருந்த அந்த இடம், இங்கே ஒரு முள் அகல ஓட்டைக்குள் அடங்கிக் கிடந்தது.

"பாய், இந்த இருவது ஓட்டை வளையத்துல இதைச் செய்ய முடியுமுங்களா?"

"முடியாது. ஏழுல அஞ்சு பங்கு, இருவதுல ரெண்டு ஓட்டைக்கு நடுவால வந்து நிக்கும். முள் எறங்காது."

"நாப்பத்தொம்பது ஓட்டை வளையத்துல?"

குத்தூஸ் அதை ஒருபோதும் செய்து பார்த்ததில்லை. இருபத்தொன்று இருக்கும்போது அது எதற்கு? ஆனால் இப்போது அவரும் தலையைச் சொறிந்தார். "ஏழேழு நாப்பத்தொம்பது. முப்பத்தஞ்சு ஓட்டை வரணும். எங்க, வெச்சுப் பாப்போம்." வைத்துப் பார்த்தார்கள். முள் இறங்கியது. வட்டில் ஏற்கெனவே கீறிய அதே கோடுகளின் மேல் கம்பி மறுபடி ஓடியது. இருபத்தொன்றில் பதினைந்தும் நாற்பத்தொன்பதில் முப்பத்தைந்தும் வெவ்வேறு எண்ணிக்கை, ஒரே இடம்.

திரும்பி நடந்து வரும்போதுதான் அவளுக்கு முழுசாகப் பிடிபட்டது. புள்ளி வைத்து எழுதுகிற எண் என்பது பத்து ஓட்டை வளையம். பத்தாதென்றால் நூறு ஓட்டை வளையம், ஆயிரம் ஓட்டை வளையம். அவற்றில் எதுவும் ஏழு ஏழாகப் பிரியாது. அதனால் எவ்வளவு பெரிய வளையம் எடுத்தாலும் முள் இரண்டு ஓட்டைக்கு நடுவில்தான் நிற்கும். தப்பு இடத்தின் மேல் இல்லை. அதைப் பத்துக்குள் தேடினதுதான் தப்பு.

திருமூர்த்தியிடம் சொன்னாள். அவர் வியந்தாரோ இல்லையோ, அடுத்த மாதம் ஈரோட்டில் மூடிப்போன பட்டறை ஒன்றிலிருந்து பழைய டிவைடிங் ஹெட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "இனி ஏழு வந்தாலும் சரி, பதிமூணு வந்தாலும் சரி" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு நாள், அந்தப் பம்ப் கம்பெனியிலிருந்து வேலையைச் சரிபார்க்க ஒரு பெண் வந்தாள். பெயர் ஷ்ரவ்யா. சரவணம்பட்டிக் கல்லூரி ஒன்றில் இன்ஜினியரிங் முடித்து வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். வட்டுகளை அளந்து முடித்தவள், மெஷின் பக்கத்திலிருந்த தகட்டைப் பார்த்து நின்றாள். அதில் சாக்பீஸ் கணக்கு இன்னும் அழியாமல் இருந்தது.

"இது யாருக்கா போட்டது?"

"நாந்தானுங்க மேடம். சும்மா."

"மீதியெல்லாம் வட்டம் போட்டு வெச்சிருக்கீங்க?"

அன்புக்கரசி தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். ஆறு மீதிகள், திரும்பி வந்த மூன்று, குத்தூஸ் பாயின் ஓட்டை வளையம். ஷ்ரவ்யா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தே விட்டாள்.

"அக்கா, இதுக்கு ஒரு பேர் இருக்குது. விகிதமுறு எண். ஒரு முழு எண்ணை இன்னொரு முழு எண்ணால வகுத்து எழுத முடிஞ்சா அது விகிதமுறு எண். எட்டாவதுல இருக்கும்."

"எட்டாவதுல நானும் படிச்சிருக்கோணும். பேரு மட்டும் காதுல விழுந்த மாதிரி இருக்குது" என்று அன்புக்கரசி சிரித்தாள். "அப்ப வெறும் அஞ்சு? அது இதுல வராதுங்களா?"

"வரும். ஒண்ணால வகுத்த அஞ்சு."

அவள் யோசித்தாள். ஒரே ஓட்டை உள்ள வளையம். ஐந்து முழுச் சுற்று. சரிதான். "மைனஸ் வந்தா? கைப்பிடியைத் திருப்பிச் சுத்தோணும், இல்லீங்களா?"

ஷ்ரவ்யா அப்படி யோசித்ததே இல்லை. "ஆமா, அப்படியும் சொல்லலாம். மேலே சைபர்கூட வரலாம்."

"கைப்பிடியைத் தொடாம உட்டுப்போடறது."

"ஆனா கீழே மட்டும் சைபர் வரக் கூடாது. அது விதி."

"விதியெல்லாம் வேண்டாமுங்க. ஓட்டையே இல்லாத தகட்டுல முள்ளை எங்க கொண்டுபோய் எறக்கறது?"

ஷ்ரவ்யா வாய்விட்டுச் சிரித்தாள். டீ வந்தது. இருவரும் குடித்தார்கள். மேடம் எப்போது கண்ணு ஆனாள் என்று இருவருக்குமே தெரியாது.

"கண்ணு, ஒரு சந்தேகம். பக்கத்துப் பக்கத்து ரெண்டு ஓட்டை இருக்குது. அதுக்கு நடுவால வேற வளையத்து ஓட்டை ஒண்ணு கண்டிப்பா வருமல்ல?"

"வரும். ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா நடுவுல ஒண்ணு கிடைக்கும். அதுக்கும் இதுக்கும் நடுவுல இன்னொண்ணு. முடிவே இல்லை."

"அப்படின்னா ஒலகத்துல இருக்கற எல்லா வளையத்தையும் ஒரே தகட்டுல போட்டா, ஓட்டை இல்லாத எடமே இருக்காதுங்களா?"

ஷ்ரவ்யா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "இருக்கும்" என்றாள். "ஒரு சதுரத்தோட மூலைக்கு மூலை நீளம். பக்கம் ஒண்ணுன்னா, மூலைவிட்டம் ரூட் ரெண்டு, அதை அதாலேயே பெருக்கினா ரெண்டு வரும். அதை எந்தப் பின்னமாவும் எழுத முடியாது. விகிதமுறா எண்."

"ஏனுங்க முடியாது?"

"பரீட்சைக்கு எழுதியிருக்கேன் அக்கா. நிரூபணம் மறந்துடுச்சு. பார்த்துச் சொல்றேன்."

அவள் போன பிறகு அன்புக்கரசிக்கு அது நம்பும்படியாக இல்லை. இத்தனை நெருக்கமாக ஓட்டைகள் கிடக்கும்போது ஒன்றுகூடவா அந்த இடத்தில் விழாது? சதுரமாக வெட்டிய இரும்புத் துண்டு ஒன்றை எடுத்து, மூலைக்கு மூலை அளந்தாள். ஏழை ஐந்தால் வகுத்தால் கிட்டத்தட்ட வரும் என்று தோன்றியது. சரிபார்க்க ஒரு வழியும் கண்டுகொண்டாள். சரியான பின்னமாக இருந்தால், மேலே இருப்பதை அதனாலேயே பெருக்கினால், கீழே இருப்பதை அதனாலேயே பெருக்கி இரட்டிப்பாக்கியதற்குச் சமமாக வர வேண்டும். ஏழேழு நாற்பத்தொன்பது. ஐயைந்து இருபத்தைந்து, இரட்டித்தால் ஐம்பது. ஒன்று குறைந்தது.

போகட்டும், இன்னும் நெருக்கமாகத் தேடினாள். பதினேழைப் பன்னிரண்டால். இருநூற்று எண்பத்தொன்பது. மறுபக்கம் இருநூற்று எண்பத்தெட்டு. ஒன்று கூடியது. சில நாள் கழித்து நாற்பத்தொன்றை இருபத்தொன்பதால். 1681, 1682. மறுபடி ஒன்று. கதிரேசன் ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது தொண்ணூற்றொன்பதை எழுபதால் என்று கண்டுபிடித்துக் கொடுத்தார். 9801, 9800. அதிலும் ஒன்று.

"இந்த ஒண்ணு எங்கிருந்துங்க வருது?" என்றாள் அவள். "எல்லாத்துலயும் வந்து நடுவால நிக்குது."

"விடமாட்டேங்குதே" என்றார் கதிரேசன், சாப்பாட்டை மறந்து.

ஷ்ரவ்யா சொன்னபடி நிரூபணத்தை எழுதிப் படம் எடுத்து அனுப்பினாள். ஐந்தாறு வரிதான். அன்புக்கரசி முதல் தடவை வாசித்தபோது ஒன்றும் பிடிபடவில்லை. மறுநாள் பட்டறையில் மெஷின் நீளமான ஒரு வெட்டைத் தானாக ஓட்டிக்கொண்டிருந்தபோது, மறுபடி எடுத்து ஒவ்வொரு வரியாகப் போனாள்.

அப்படி ஒரு பின்னம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மேலேயும் கீழேயும் வெட்ட முடிந்ததையெல்லாம் வெட்டிச் சிறியதாக்கியாயிற்று. மேலே இருப்பதை அதனாலேயே பெருக்கினால், அது ஏதோ ஒன்றின் இரட்டிப்பு, ஆக இரட்டைப்படை. ஒற்றையை ஒற்றையால் பெருக்கினால் ஒற்றைதானே வரும்? அதனால் மேலே இருப்பதே இரட்டைப்படைதான். அது இரட்டைப்படை என்றால் அதை அதனாலேயே பெருக்கி வருவது நான்கால் வகுபடும். அதில் பாதிதான் கீழே இருப்பதை அதனாலேயே பெருக்கி வருவது, அதுவும் இரட்டைப்படையாகிவிடும். அப்படியானால் கீழே இருப்பதும் இரட்டைப்படை. இரண்டும் இரட்டை என்றால் இன்னும் ஒரு தடவை வெட்டலாம். வெட்டியாயிற்று என்றல்லவா ஆரம்பித்தோம்? வெட்டி முடித்ததை மறுபடி வெட்டச் சொல்கிற எண் எப்படி இருக்க முடியும்?

கடைசி வரிக்கு வந்ததும் அவள் சத்தமாக "அட!" என்றாள். லேத் ஓட்டுகிறவர் திரும்பிப் பார்த்தார். திருமூர்த்தி கண்ணாடித் தடுப்பிலிருந்து தலையை நீட்டினார்.

"என்னம்மா ஆச்சு? கட்டர் ஒடஞ்சுதா?"

"இல்லீங்ண்ணா. அப்படி ஒரு ஓட்டை இல்லவே இல்லீங்களாம்."

"எந்தத் தகட்டுல?"

"எந்தத் தகட்டுலயுமேங்க. நாம எவ்வளவு போட்டாலும்."

திருமூர்த்தி மேஜை மேலிருந்த ஆர்டர் நோட்டை இழுத்தார். "அது எந்தக் கம்பெனி ஆர்டர்?" என்று கேட்டார்.

அவள் சிரித்துக்கொண்டே வெட்டு முடிந்த மெஷினை நிறுத்தினாள். இரும்பு வட்டைக் கழற்றித் துடைத்தாள். வட்டமான விளிம்பில் துணி ஓடியபோது வேறொரு யோசனை வந்தது. வட்டத்தைச் சுற்றிவரும் தூரத்தை அதன் குறுக்களவால் வகுத்தால் இருபத்திரண்டின் கீழ் ஏழு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அது சரியான ஓட்டையா, இல்லை, பக்கத்து ஓட்டையா?

செல்போனை எடுத்து ஷ்ரவ்யாவுக்குத் தட்டினாள். "கண்ணு, வேலையா இருக்கியா? ஒண்ணு கேக்கோணும்."

பதிலுக்குக் காத்திராமல் அடுத்த வட்டை எடுத்து மாட்டினாள்.